சவேரியார் வாசல்ல நின்னு கணக்கெடுக்காதீங்க

கார்த்திகை பிறந்து கோட்டாறு சவேரியார் கோயில்ல கொடி ஏறியாச்சுன்னா எனக்கு ரெண்டு தொல்லை. ஒண்ணு வயல்ல. கும்பப்பூ நட்டு ஒன்றரை மாசம் ஆகியிருக்கும், வானம் மூட்டம் போட்டு நிக்கும், இலைச்சுருட்டுப் புழு வந்து உக்காந்திருக்கும். அதுக்கு மருந்து உண்டு. இன்னொண்ணு போன்ல வருகிற தொல்லை. அதுக்கு மருந்து கிடையாது.

அதுலயும் ரெண்டு தினுசு. முதல் தினுசு, "நீங்க நெத்தியில பட்டை போடுற ஆளு, உங்களுக்குச் சவேரியார் கோயில்ல என்ன சோலி? வரலாறு தெரியாதா?" இது பெரும்பாலும் சென்னையில இருந்தும் பெங்களூர்ல இருந்தும் வரும். எழுதுறவங்க நல்லா படிச்சவங்க, சிலர் நம்ம ஊர்ல இருந்து போனவங்களே. ரெண்டாவது தினுசு, சவேரியார் தேருக்குப் பின்னால பொட்டு வச்ச அம்மா ஒருத்தர் தரையில விழுந்து கும்பிடுற படம். கீழே "இதுதான்டா மத நல்லிணக்கம்"னு எழுதி நாலு கைகூப்பல். முதல் ஆளும் ரெண்டாவது ஆளும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டே இருப்பாங்க. எனக்கு ரெண்டு பேர்கிட்டயும் சண்டை உண்டு. இந்த வருஷம் எழுதியே தீர்த்துடலாம்னு உக்காந்திருக்கேன்.

ஊர் தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம். நாகர்கோவில் பெரிசாகுறதுக்கு முந்தியே கோட்டாறுதான் இந்தப் பக்கத்துக்குச் சந்தை. இன்னைக்கும் கம்போளம்னு சொன்னா மொத்த வியாபாரக் கடைகள் நெருக்கிக்கிட்டு நிக்கிற அந்தத் தெருதான். அதுக்குக் கொஞ்ச தூரத்துல சவேரியார் கோயில். 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல கட்டி, பிறகு பல தடவை நீட்டி அகலமாக்கினது. 1930ல கோட்டாறு தனி மறைமாவட்டம் ஆனப்போ பேராலயம் ஆச்சு. பேராலயம்னு எழுதுவாங்க, பேச்சுல யாரும் சொல்ல மாட்டாங்க. பஸ் கண்டக்டர் "சவேரியார் கோயில் எறங்கு"ன்னுதான் கத்துவார். பதிலுக்கு "சர்ச்"னு சொன்னா வெளியூர்னு தெரிஞ்சிடும்.

நவம்பர் 24ல கொடி. டிசம்பர் 3ல முடிவு. கடைசி நாட்கள்ல தேர். 3ஆம் தேதி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவாங்க, ஈடு கட்ட ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் வைப்பாங்க. மண்டைக்காடு கொடைக்கும் அய்யா வைகுண்டர் அவதார தினத்துக்கும் விடுற மாதிரிதான். "ஒரு மதத்துத் திருவிழாவுக்கு மாவட்டமே லீவா?"ன்னு பொங்குறவங்க அந்த மத்த ரெண்டையும் சேர்த்து எழுதுறது இல்லை, பாத்துக்கிடுங்க.

தேர் வரும்போது ஜனங்க மிளகும் உப்பும் போடுவாங்க. உடம்புல மரு, பரு, கட்டி வந்தா நேர்ந்துக்கிட்டது. சிலர் தேருக்குப் பின்னால தெருவுல விழுந்து எழுந்து கும்பிட்டுக்கிட்டே வருவாங்க, சிலர் உருண்டு வருவாங்க. கும்பிடு நமஸ்காரம்னு பேர். அந்தக் கூட்டத்துல யாரு ஞானஸ்நானம் வாங்கினவங்க, யாரு வாங்காதவங்கன்னு பிரிச்சுச் சொல்ல என்னால முடியாது. உங்களுக்கு முடியும்போல.

சரி, வரலாற்றுக்கு வருவோம். "தெரியாதா"ன்னு கேட்டீங்கல்லா, தெரியும். கடையில தராசு முன்னாடி நிக்கிற விவசாயிக்கு எதிராளி என்ன எடைக்கல்லு வச்சிருக்கான்னு பாக்காம இருக்க முடியாது, அதுபோல நீங்க அனுப்புறதை எல்லாம் நான் படிச்சுப் பாக்கத்தான் செய்றேன்.

பிரான்சிஸ் சேவியர் 1506ல ஸ்பெயின் பக்கம் நவார்ரேயில பிறந்தவர். சேவியர்ங்கிறது அவங்க கோட்டை இருந்த ஊர்ப் பேரு. பாஸ்க் மொழியில அதுக்குப் புது வீடுன்னு அர்த்தமாம். 1542ல கோவா வந்தார். அதே வருஷம் முத்துக்குளித்துறைக்கு வந்து தமிழ்ல ஜெபத்தை எழுதி வச்சு மனப்பாடம் பண்ணினார். 1546ல அம்போன் தீவுல இருந்து போர்த்துக்கல் ராஜாவுக்கு எழுதின கடிதத்துல கோவாவுக்கு மதவிசாரணை மன்றம் வேணும்னு கேட்டிருக்கார். உண்மை. அவர் 1552ல சீனக் கரையோரத் தீவுல செத்துப்போன பிறகு, 1560ல அது கோவாவுல வந்தது, ஜனங்களைப் படாதபாடு படுத்தினது. அதுவும் உண்மை. நம்ம சாமி சிலைகளைச் சின்னப் பிள்ளைங்க உடைக்கிறதைப் பாத்துச் சந்தோஷப்பட்டு எழுதியிருக்கார். உண்மைதான். இதுல எதையும் நான் மூடி வைக்கப் போறதில்லை. மூடி வைக்கச் சொல்ற பாதிரியாரோட எனக்குப் பழக்கமும் இல்லை.

ஆனா அதே கடிதக் கட்டுல வேற தாள்களும் இருக்கு. அதை நீங்க அனுப்புறது இல்லை. 1544 ஜூன் மாசம் வடக்கே இருந்து வடுகப்படை முத்துக்குளித்துறைக்குள்ள இறங்கிச்சு. பரதவர்கள் ஓடிப்போய்க் குமரி முனைப் பக்கத்துப் பாறைகள்ல ஒளிஞ்சாங்க. சோறும் தண்ணியும் இல்லாம வெயில்ல கெடந்து செத்தாங்க. இவர் மணப்பாட்டுல இருந்து இருபது தோணியில சாமான் ஏத்திக்கிட்டுக் கிளம்பினார். காத்து எதிரா அடிச்சு நாள் கணக்கா தோணி போகல்ல. பிறகு கரைவழியா நடந்தே குமரிக்குப் போனார். அங்க பார்த்த நிலைமையை எழுதியிருக்கார். அதே வருஷக் கடிதங்கள்ல, ஆட்களைப் பிடிச்சுக்கிட்டுப் போற போர்த்துக்கீசியர்களைத் திட்டியும் எழுதியிருக்கார். ஒரே கைதான் ரெண்டையும் எழுதியிருக்கு. ஒண்ணை மட்டும் படம் பிடிச்சு அனுப்புறது, நெல்லுல ஈரத்தை மட்டும் அளந்து விலை சொல்ற யாவாரி வேலை.

கோட்டாறுக்காரங்க சொல்ற கதை இதுல இருந்து கிளை விட்டது. வடுகப்படை திருவிதாங்கூருக்குள்ள வந்தப்போ சவேரியார் தனி ஆளா கையில சிலுவையோட எதிர்ல போய் நின்னார், படை திரும்பிப் போச்சு, உண்ணி கேரளவர்மா ராஜா அவரை வலிய பாதிரியார்னு கூப்பிட்டு இடம் கொடுத்தார். இந்தச் சிலுவைக் காட்சி அவரே எழுதின கடிதங்கள்ல இல்லை. பின்னால வந்தவங்க எழுதினது. "அப்போ பொய்தானே"ன்னு நீங்க சிரிக்கலாம்.

நான் சிரிக்க மாட்டேன். ஏன்னா, அந்தக் கதையில ஊரு என்ன பிடிச்சுக்கிட்டதுன்னு பாருங்க. மதம் மாத்தினதைப் பிடிச்சுக்கிடல்ல. பத்தாயிரம் பேருக்கு ஒரே மாசத்துல ஞானஸ்நானம் கொடுத்தேன்னு அவர் எழுதினதையும் பிடிச்சுக்கிடல்ல. வரப்புல நின்னு கொள்ளைக்காரனைத் திருப்பி அனுப்பின ஆளைத்தான் பிடிச்சுக்கிட்டது. படை வருகிறதுன்னா உங்களுக்கு அது சினிமா. வயல் வச்சிருக்கிறவனுக்கு அது அறுத்தடிப்பு போச்சு, விதைநெல்லு போச்சு, மாடு போச்சு. அதனால காவல் நிக்கிற ஆளு எந்த ஊர்க்காரன்னு யாரும் கேக்க மாட்டாங்க. எங்க ஊர்ல குளத்தாங்கரையில சாஸ்தா உண்டு, சுடுகாட்டுப் பக்கம் சுடலைமாடன் உண்டு, பனை மூட்டுல இசக்கி உண்டு. அவங்க அவங்களுக்கு ஒரு எல்லை. அந்த வரிசையில கோட்டாறு எல்லைக்குச் சவேரியார். கத்தோலிக்கச் சபையில பாதுகாவலர்னு சொல்வாங்க. எங்க பாட்டா "காவக்காரர்"னு சொல்லுவார். ரெண்டும் ஒரே சொல்லுதான், யோசிச்சா.

எங்க பாட்டாவுக்கு இன்குவிசிஷன் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் மிளகு வாங்காம இருந்திருப்பார்னு எனக்குத் தோணல்ல. அவர் கும்பிட்டது நானூறு வருஷமா இந்த ஊரு தன் கையால செதுக்கி வச்ச சவேரியாரை. கடிதம் எழுதின சவேரியாருக்கு அவர்கிட்ட ஒரு வேலையும் இல்லை.

இன்னொண்ணையும் இந்த முதல் தினுசுக்காரங்க கேட்டுக்கிடணும். நாகர்கோவிலுக்குப் பேரு கொடுத்த நாகராஜா கோயிலுக்கு வாங்க. அங்க தூண்ல தீர்த்தங்கரர் சிலை இருக்கு, பார்சுவநாதர், மகாவீரர். ஒரு காலத்துல சமணர்கள் கும்பிட்ட இடம். இன்னைக்கு நாங்க அங்க பால் ஊத்துறோம், மண்ணைப் பிரசாதமா வாங்கி வயலுக்குக் கொண்டு வந்து போடுறோம். "யாருக்குச் சொந்தம்"னு தோண்ட ஆரம்பிச்சா எந்த மண்வெட்டி எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது. தோண்டத் தெரிஞ்சவன் சொல்றேன்.

இப்போ ரெண்டாவது தினுசு. கைகூப்பல்காரங்க. நீங்க நல்லவங்க, தெரியும். ஆனா உங்க படத்தைப் பார்த்தா எனக்குக் கோபம் கூடுதலாத்தான் வருது. நாங்க என்னமோ காலையில எந்திரிச்சு நல்லிணக்கம் வளக்குற மாதிரியும், நீங்க சனிக்கிழமை வந்து பாத்துட்டுப் போற மாதிரியும்.

1982 மார்ச்சுல, மண்டைக்காடு கொடைச் சமயத்துல, இந்த மாவட்டத்துல கலவரம் வந்தது. துப்பாக்கிச் சூடு நடந்தது. மீனவர் ஊர்களும் உள்நாட்டு ஊர்களும் மாறி மாறி எரிஞ்சது. நீதிபதி வேணுகோபால் தலைமையில விசாரணைக் கமிஷன் போட்டாங்க. அப்போ எனக்குப் பதினொரு வயசு. அதுக்கு முந்தின டிசம்பர்லயும் சவேரியார் தேர் ஓடித்தான் இருந்தது. பொட்டு வச்ச அம்மாக்கள் கும்பிட்டுத்தான் இருந்தாங்க. நீங்க படம் எடுக்கிறதுக்கு வேண்டியது எல்லாம் அங்க இருந்தது. மூணே மாசத்துல ஒருத்தன் வீட்டை ஒருத்தன் கொளுத்தினான். தேர் அதைத் தடுக்கல்ல. அதனால, "பாருங்க எப்படி ஒத்துமையா இருக்காங்க"ன்னு எங்களைப் பாராட்டாதீங்க. பாராட்டுக்கு நாங்க தகுதி இல்லைங்கிறது எங்களுக்குத் தெரியும்.

அப்புறம் என்னதான் நடந்தது? எங்க ஊருக்குக் கடற்கரையில இருந்து ஒரு மீன்கார அம்மை வருவா. தலையில கடவம், இடுப்புல சுருக்குப் பை. சாளையும் நெத்திலியும் கொண்டு வருவா, பைசா வாங்க மாட்டா. அறுப்பு முடிஞ்சதும் ஒவ்வொரு வீட்லயும் நெல்லா வாங்கிக்கிட்டுப் போவா. யாரு எவ்வளவு பாக்கின்னு எல்லாம் மனசுலதான் கணக்கு. கலவரத்துக்குப் பிறகு அவ வரல்ல. சித்திரை போச்சு, ஆடி போச்சு. எங்க வீட்ல அவளுக்கு ரெண்டு மரக்கால் நெல்லு பாக்கி நின்னது. எங்க அம்மை அந்த நெல்லைத் தனியா ஒரு சாக்குல கட்டி மூலையில வச்சிருந்தா. ஊர்ல சில பேரு, "அவளுக்கு எதுக்குக் கொடுக்கணும், அவங்க ஆளுங்க என்னவெல்லாம் செஞ்சாங்க"ன்னாங்க. அம்மை ஒண்ணும் சொல்ல மாட்டா. சாக்கை அவுக்கவும் மாட்டா.

அந்த வருஷம் டிசம்பர்ல அம்மை என்னைக் கூட்டிக்கிட்டு சவேரியார் கோயிலுக்குப் போனா. எனக்குக் கால்ல மரு இருந்தது, அதுக்கு மிளகு நேர்ந்திருந்தா. போகணுமா வேண்டாமான்னு வீட்ல சண்டை, அப்பா பேசாம இருந்தார். கூட்டம் குறைவு. போலீஸ் நின்னது. உப்பு போடுற இடத்துல அந்த மீன்கார அம்மை நிக்கிறா. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே நின்னாங்க. அழுவாங்கன்னு நினைச்சேன். யாரும் அழல்ல. மீன்கார அம்மை சொன்னது இதுதான்: "ரெண்டு மரக்கால் தரணும், மறந்திராத." எங்க அம்மை, "கட்டி வச்சிருக்கேன், வந்து எடுத்துக்க. வராம இருந்துட்டு இங்க வந்து கேக்கியா"ன்னா. அடுத்த வாரம் கடவத்தோட எங்க நடையில வந்து நின்னா. சாளை கொண்டு வந்திருந்தா.

இதுல நல்லிணக்கம் எங்க இருக்கு? பாக்கி இருந்தது. பாக்கியைக் கேக்க ஒரு இடம் வேணும். அவ எங்க ஊருக்குள்ள வர முடியாது, எங்க அம்மை கடற்கரைக்குப் போக முடியாது. யாரும் யாரையும் கூப்பிடாம, யாருகிட்டயும் அனுமதி கேக்காம ரெண்டு பேரும் போய் நிக்கக்கூடிய இடமா அந்த வருஷம் எங்களுக்குக் கோட்டாறு இருந்தது.

கிராமத்துல ஒவ்வொரு ஊருக்கும் கொஞ்சம் புறம்போக்கு உண்டு. மேய்ச்சலுக்கு, களத்துக்கு, வண்டி அவுத்துப் போடுறதுக்கு. யாரு மாடுன்னாலும் மேயலாம். பத்திரம் மறைமாவட்டத்துப் பேர்ல இருக்கட்டும், அதுல எனக்கு வழக்கு இல்லை. ஆனா மனசுக்குள்ள சவேரியார் வாசல் இந்த மாவட்டத்துக்குப் புறம்போக்கு மாதிரி. முதல் தினுசுக்காரர் அதை "அவங்க இடம்"னு பட்டா எழுதப் பாக்குறார். ரெண்டாவது தினுசுக்காரர் வேலி போட்டு "நல்லிணக்கப் பூங்கா"ன்னு போர்டு வைக்கப் பாக்குறார். ரெண்டு வேலை நடந்தாலும் மாடு உள்ளே போக முடியாது.

மூணாவதா ஒரு கூட்டமும் உண்டு, அவங்களையும் விட்டா நியாயம் ஆகாது. சபைக்குள்ளேயே இருக்கிற சுத்தக்காரங்க. மிளகு, உப்பு, உருண்டு வருதல் எல்லாம் மூடநம்பிக்கை, பிற மதத்துக் கலப்பு, இதையெல்லாம் படிப்படியா எடுத்துடணும்னு சொல்றவங்க. வெளிநாட்டுல படிச்சுட்டு வந்த ஒரு பையன் என்கிட்டயே சொன்னான், "அண்ணாச்சி, புனிதருக்கு உப்பு எதுக்கு, ஜெபம் போதும்"னு. மக்கா, உனக்கு ஜெபம் வாய்ல வரும். எங்க அம்மைக்கு வராது. அவளுக்குக் கை நிறைய உப்பு அள்ளிப் போடத்தான் தெரியும். நீ உப்பை எடுத்துட்டா அவ எதை வச்சுக்கிட்டு உள்ளே வருவா? தெருவுல இருந்து உள்ளே வருகிற நடை அது. அதை இடிச்சுட்டா உள்ளே சுத்தமாத்தான் இருக்கும், ஆளில்லாத வீடு மாதிரி.

சாதியைப் பேசாம இதை எழுதினா நானும் படம் எடுக்கிற ஆளாயிடுவேன். காவக்காரர், புறம்போக்கு எல்லாம் சரி, அந்தப் புறம்போக்குல யாரு எந்த ஓரத்துல நின்னாங்க? இங்க இருந்து கிழக்கே வடக்கன்குளம். அங்க 1870கள்ல ஒரு கோயில் கட்டினாங்க, ரெண்டு கால் விரிச்ச கால்சட்டை மாதிரி. வெள்ளாளர் ஒரு காலு, நாடாரும் மத்தவங்களும் இன்னொரு காலு, பலிபீடம் ரெண்டுக்கும் பொது. நடுவுல சுவர். 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல அந்தச் சுவரை இடிச்சதுக்கு வழக்கு மெட்ராஸ் ஐகோர்ட் வரைக்கும் போச்சு. இடிச்சது தப்புன்னு வழக்கு போட்டாங்க, கேட்டுக்கிடுங்க.

அதே வடக்கன்குளத்துலதான் 1745ல நட்டாலத்து நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆனார். மார்த்தாண்டவர்மா ராஜா அரண்மனையில வேலை பாத்தவர். குளச்சல்ல தோத்துப் பிடிபட்டு, பிறகு அதே ராஜாவோட படைக்குத் தளபதியான, டச்சுப் படையில இருந்த டிலனாய்தான் அவருக்கு வழி காட்டினவர். மதம் மாறினதுக்கப்புறம் எல்லாச் சாதியாரோடயும் கலந்து இருந்தார். கைது பண்ணி எருமை மேல ஏத்தி ஊர் ஊரா அடிச்சுக் கொண்டு போனாங்க. 1752 ஜனவரி 14ல ஆரல்வாய்மொழி காத்தாடிமலையில சுட்டுக் கொன்னாங்க. அவரை அடக்கம் பண்ணினது இந்தக் கோட்டாறு சவேரியார் கோயிலுக்குள்ளதான். 2012 டிசம்பர் 2ல, திருவிழாக் காலத்துல, நாகர்கோவில்லயே முத்திப்பேறு பட்டம் கொடுத்தாங்க. 2022 மே 15ல ரோமாபுரியில புனிதர் பட்டம்.

அதுக்கு நடுவுல ஒரு சின்ன கூத்து. அவர் பேரோட "பிள்ளை" இருக்கணுமா வேண்டாமான்னு. சாதியை உதறினவருக்குச் சாதிப்பேரு எதுக்குன்னு சில பேரு ரோமாபுரிக்கு எழுதினாங்க. அவங்களும் அதை எடுத்துட்டு வெறும் தேவசகாயம்னே புனிதர் ஆக்கினாங்க. எனக்கு அதுல முழுச் சம்மதம். ஆனா எடுத்த மறுநாளே, "எங்க ஆளோட பேரை எப்படி வெட்டலாம்"னு குமுறினவங்க எங்க சொந்தக்காரங்களும் உண்டு, கோயிலுக்குள்ள முன்வரிசையில உக்காருறவங்களும் உண்டு. அந்த ஒரு விஷயத்துல மட்டும் பட்டை போட்டவனும் சிலுவை போட்டவனும் தோளோட தோள் நின்னாங்க. கைகூப்பல்காரங்களே, இந்த நல்லிணக்கத்தையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்க.

சண்டை எல்லாம் இருக்கட்டும். 2017ஐ மறக்க முடியாது. நவம்பர் 30, திருவிழா நடந்துக்கிட்டிருக்கிற நேரம், ஒக்கி வந்தது. எனக்கு ஏத்தன் வாழை அறுநூறு மூடு, குலை தள்ளி நின்னது, ஒரு பகல்ல படுத்துப் போச்சு. ரப்பர் வச்சிருந்தவங்க பல வருஷத்து மரத்தை இழந்தாங்க. கரண்ட் கம்பம் எல்லாம் சாஞ்சு நாள் கணக்கா இருட்டு. கடல்ல போனவங்க நூத்துக்கணக்குல திரும்பல்ல. சென்னையில டிவியில அன்னைக்கு வேற செய்தி ஓடுச்சு. இங்க வீடுவீடா போன் சார்ஜ் இல்லாம, கரையில நிக்கிறவங்களுக்குப் போட் எங்க இருக்குன்னு தகவல் இல்லாம, ஒரே தவிப்பு. வாழை போன நானும் ஆளைத் தேடுற மீனவனும் ஒரே நட்டம் பட்டோம்னு சொல்ல மாட்டேன். வாழை அடுத்த வருஷம் வைக்கலாம். ஆனா அந்த வாரத்துல இந்த மாவட்டத்துக்குள்ள நாங்க யாருக்கு யாரு சோறு கொண்டு போனோம்னு எங்களுக்குத் தெரியும். அதுக்கு முந்தி "உங்களுக்கு அங்க என்ன சோலி"ன்னு கேட்டவங்க யாரும் அந்த வாரத்துல ஒரு போன் பண்ணல்ல.

கடைசியா வயலைப் பத்தி. இது சவேரியாருக்கும் சம்பந்தப்பட்டது. எங்க வீட்ல கன்னிப்பூ அறுப்புல முதல் கதிர் ஒரு பிடி எடுத்துக் கட்டி வைப்போம். ஒரு பாதி சாஸ்தாவுக்கு, ஒரு பாதி டிசம்பர்ல கோட்டாறுக்கு. நான் சின்னப் பையனா இருக்கும்போது எங்க பத்துல இருந்து மட்டும் கதிரோட பத்துப் பதினஞ்சு பேரு போவோம். பத்துன்னா ஒரே மடையில தண்ணி வாங்குற வயல்களோட கூட்டம். இப்ப எங்க பத்துல நெல்லு வைக்கிறது மூணு பேரு. மிச்சம் எல்லாம் தென்னை வச்சு, பிறகு கல்லு நட்டு, பிறகு பிளாட். நாலுவழிச் சாலைக்கு வயலுக்குள்ளயும் குளத்துக்குள்ளயும் மண்ணைக் கொட்டினாங்க. வாங்கினவங்க யாரு? சவேரியார் கோயிலை யார் பேர்ல எழுதணும்னு ராத்திரி பன்னெண்டு மணிக்குச் சண்டை போடுற அதே படிச்ச ஆட்கள்தான், ரெண்டு கட்சியும். போன மாசம் ஒரு நோட்டீஸ் பாத்தேன். "சவேரியார் கோயிலுக்கு 10 நிமிடம், நாகராஜா கோயிலுக்கு 15 நிமிடம், பசுமையான சூழல்"னு போட்டிருக்கு. அந்தப் பசுமையான சூழல் என் பக்கத்து வயல். அதுல போன கும்பப்பூவுக்கு அம்பை 16 நின்னது.

வடுகப்படை வந்தா சிலுவையைக் காட்டித் திருப்பலாம். பத்திரத்தோட வருகிறவங்களை எதைக் காட்டித் திருப்புறது? சவேரியார்கிட்ட இதுக்கு வழி இருக்குமான்னு எனக்குத் தெரியல்ல, சாஸ்தாகிட்டயும் கேட்டுப் பாத்தாச்சு. இந்த வருஷமும் கதிர் கொண்டு போவேன். ஒரு பிடிதான்.

வருகிறதா இருந்தா வாங்க. ஞானஸ்நானம் வாங்கியாச்சான்னு வாசல்ல யாரும் கேக்க மாட்டாங்க. காரை கோட்டாறு ரோட்டுக்குள்ள கொண்டு வராதீங்க, தேர் சமயத்துல ஆட்டோகூடத் திரும்ப முடியாது. ஜங்ஷன் ஸ்டேஷன்ல இறங்கி நடந்தே போயிடலாம். மிளகைக் கம்போளத்துல வாங்கிக்கிடுங்க, கோயில் வாசல்ல விலை கூடுதல். தரையில விழுந்து கும்பிடுறவங்க முகத்துக்கு நேரா போனை நீட்டாதீங்க. எங்க அம்மைக்கு எழுபத்தெட்டு வயசு, இப்பவும் வருவா. உங்க போனைத் தட்டி விட்டாலும் விட்டுடுவா.